தூங்குமூஞ்சித் தரை

"மாப்ள, நம்ம ரெண்டு ஸ்டேஷன்ல ஒண்ணை மூடப் போறாங்களாம். யாரோட பாக்கெட் லேட்டா வருதோ, அது காலி!"

போனில் பேசியவன் பக்கத்து மலையில் இருந்த நில அதிர்வு நிலையத்தைக் கவனித்துக்கொள்பவன். பயிற்சிக் காலத்திலிருந்தே கூட்டாளி. கேட்டுக்கொண்டிருந்தவர் இந்த மலை நிலையத்தின் பொறுப்பாளர். அவர் மனைவிக்கு இப்போதுதான் அடிவாரத்துப் பள்ளியில் வேலை கிடைத்து, இருவரும் ஒரே வீட்டில் இருக்க வாய்த்திருந்தது. நிலையத்தை மூடினால் மறுபடியும் ஆளுக்கொரு ஊர்.

"நான் என்னடா பண்றது? எங்க தரை சரியான தூங்குமூஞ்சி."

விஷயம் அதுதான். தரையின் அசைவைக் கருவி எண்களாக்கி, சுருக்கி, பாக்கெட்டில் அடைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். அசைவே இல்லையென்றால் எண்கள் சுருங்கிச் சுண்டைக்காயாகிவிடும். பாக்கெட் நிறைய ஒரு யுகம் ஆகும். அரைகுறையாக நிறைந்த பாக்கெட்டை அனுப்பக் கூடாது என்பது அலுவலக உத்தரவு.

"ஆள் நிறைஞ்சாத்தான் வண்டியை எடுக்கணும்னா, சவாரியே இல்லாத ஊர்ல எப்படா எடுக்கிறது?"

"தூங்குறதை எழுப்பு! கருவி பக்கத்துல நின்னு தங்குதங்குன்னு குதி. நான் அதைத்தான் பண்றேன்."

"தப்பில்லையா?"

"நிஜமா பூகம்பம் வந்தா குதிக்கிறதை நிறுத்திக்கோ. அவ்வளவுதான்."

அன்று மாலை பொறுப்பாளர் கருவி அறையில் குதித்தார். வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, உள்ள தேள் ஏதும் வந்துடுச்சா?"

காரணத்தைச் சொன்னார். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தாள். பள்ளியில் அவள் விளையாட்டு டீச்சர்.

"தள்ளுங்க. நீங்க குதிக்கிறது தரைக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருக்கு!"

அதன் பிறகு பாக்கெட்டுகள் பொரி பொரிவதுபோல் படபடவென்று கிளம்பின. புருஷனும் பெண்டாட்டியுமாக முறை வைத்துக் குதித்தார்கள். இருவருக்கும் முட்டி வீங்கியது; மனசு மட்டும் லேசாக இருந்தது.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்து மேடம் கூப்பிட்டார்.

"என்ன, இப்பல்லாம் உங்க பாக்கெட் சிட்டாப் பறந்து வருது?"

"எல்லாம் உழைப்புதான் மேடம்," என்றார், முட்டியைத் தடவிக்கொண்டே. மனைவி பக்கத்தில் காதை நீட்டிச் சிரித்தாள்.

"எனக்கு அதுதாங்க வருத்தம். பாக்கெட் சீக்கிரம் நிறையுதுன்னா உங்க தரை சதா ஆடுதுன்னு அர்த்தம். லேட்டா வர்றதை நான் இங்கிருந்தே சரி பண்ணிடுவேன். அரை பாக்கெட்டையும் அனுப்பலாம்னு செட்டிங்கை மாத்தினாப் போதும். ஆனா தரை ஆடிக்கிட்டே இருந்தா சின்ன பூகம்பம் அதுல தெரியாமப் போயிடும், அந்த ஆட்டத்தை யாரால நிறுத்த முடியும்? அமைதியான தரை இருக்கிற ஸ்டேஷனை மட்டும் வச்சுக்கிட்டு, இன்னொண்ணை மூடுறதா முடிவு பண்ணியாச்சு."

"மேடம், அப்போ நாங்க..."

"மூட வேண்டியதுதான். பக்கத்து மலைக்காரரைப் பாருங்க, விஷயம் தெரிஞ்ச நாள்லேருந்து கருவி அறைப் பக்கம் செருப்புகூடப் போடாம பூனை மாதிரி நடக்கிறாராம். உங்களுக்கும் சொல்லிடுங்கன்னு அவர்கிட்டதானே சொல்லியிருந்தேன், சொல்லலையா?"