ரசீது கேட்காத ரிப்பேர்

ஆய்வாளர் வைத்த ஐந்து கிலோ எடைக்கல்லுக்குத் தராசு ஐந்து கிலோ நூறு கிராம் காட்டுகிறது. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்; சிவப்பு எண்கள் அசையவில்லை. "அதானே, சர்க்கரை எங்க வீட்டுல மட்டும் சீக்கிரம் தீருதேன்னு பார்த்தேன்" என்கிறாள் வரிசையில் நிற்பவள். ஆய்வாளர் தராசைக் கவிழ்க்கிறார். அரசாங்க முத்திரை கோத்த கம்பி அறுந்து தொங்குகிறது. "யார் பிரிச்சது? லைசென்ஸ் போயிடும், தெரியுமில்ல?" ஆய்வுக்குத் துணையாக வந்திருக்கும் தராசு மெக்கானிக்கை, தன் மனைவியின் தம்பியை, கடைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். "மச்சான், போன வாரம் நீதானே ரிப்பேர் பார்த்தே? சொல்லுடா." மச்சான் ஆய்வாளரைப் பார்க்கிறான். "நான் இதைத் தொட்டதே இல்ல சார்." "ரிப்பேர் ரசீது இருக்கா?" என்கிறார் ஆய்வாளர். வீட்டுப் பிள்ளையிடம் யார் ரசீது கேட்பார்கள்? மச்சான் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, மெல்ல நகர்ந்து, வாடிக்கையாளர்கள் பக்கம் போய் நிற்கிறான்.