பேசக் கூடாத அரை மணி நேரம்

“நான் தேடித் தடுமாறினாலும் நீங்க வழி சொல்லக் கூடாது. சோதனை முடியற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது.”

“அது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல.”

“தெரியும். அதுல நீங்க பெரிய ஆள்தான்.”

இணையதளங்களைச் சோதிக்கும் வேலைக்காக அவள் அவனுடைய அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று பேசிக்கொண்டது அது. ஒரு வருடமாக அவன் வடிவமைக்கும் ஒவ்வொரு மெனுவையும் அவள்தான் சோதிக்கிறாள். அவளிடம் கேட்க அவனுக்கு ஒரு விஷயம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்காமலே அவளை அனுப்பிவிடுவான்.

இன்று ஒரு மருத்துவமனையின் இணையதளம். ஆம்புலன்ஸ் எண்ணைத் தேடி அவள் மூன்று பட்டியல்களைத் திறந்து மூடினாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பதறி அடிச்சு வர்றவங்க இதைத்தான் தேடுவாங்க. இதைப் போய் ‘எங்களைப் பற்றி’க்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்களே. மேல, முதல்ல வைங்க.”

பத்து நாள் உழைத்தும் தன் கண்ணில் படாதது அவளுக்கு ஒரே நிமிடத்தில் பட்டுவிட்டதே என்று எப்போதும்போல வியந்தான்.

“சோதனை முடிஞ்சுது, இனி பேசலாம்” என்று பையை எடுத்தாள். “ஞாயித்துக்கிழமை குட்டியை உங்க வீட்டுல கொண்டுவந்து விடறேன். அப்பாகூட பூங்காவுக்குப் போகணுமாம். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

கதவருகே போய்விட்டவளை அவன் குரல் நிறுத்தியது.

“முதல்ல வைக்க வேண்டியதை நான் எப்பவும் உள்ளயேதான் ஒளிச்சு வைக்கிறேன். ஏழு மணிக்குத் திரும்பிப் போகாம, நீயும் நம்ம வீட்டுலயே இருந்துடறியா?”