உங்களுக்காகவே எடுத்து வச்சது

யாருக்கு என்ன தேவை என்று எட்டிப் பார்த்து, வீடு தேடி வந்து விற்கும் கிளி ஒன்று இருந்தது. அடைக்கு உட்கார்ந்த கோழி கேட்பதற்கு முன்பே மெத்தென்ற வைக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தது. கோழிக்கு ஏக மகிழ்ச்சி.

ஒரு மழைநாளில் பாம்பு புகுந்து முட்டைகளையெல்லாம் விழுங்கிவிட்டது. மறுநாள் காலை கிளி குருணை மூட்டையோடு வந்தது.

“குஞ்சு பொரிக்கிற நேரமாச்சே அக்கா! உங்களுக்காகவே எடுத்து வச்சேன்.”

கோழி சிலிர்த்தெழுந்தது. “தினமும் எட்டிப் பார்க்கிறியே, கூடு காலியாக் கிடக்கிறது கண்ணுல படலையா?”

கிளி பார்த்தது. “ஐயோ பாவம்! பாம்பு அண்டாம இருக்கச் சிறியாநங்கைச் செடி இருக்கு, தரட்டுமா?”

“அதை நேத்தே ஏன் காட்டலை?”

“நேத்து நீங்க வாங்கியிருக்க மாட்டீங்களே, அக்கா!”

கோழி மூட்டையோடு கிளியையும் எத்தி வெளியே தள்ளியது.