வழியனுப்பியவள்

"தங்கச்சி, இன்னைக்கு மேடையில வச்சே அவன் வேசத்தக் கலைச்சிரணும். உன்னையத் தவிர வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாக" என்றார் சேக் தாவூது.

தேனியில் புத்தக விழா நடந்த அந்தக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. பாண்டீஸ்வரி நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் காவி கட்டி உட்கார்ந்திருந்த சுவாமிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மலைச்சாமி என்று பெயர். பாண்டீஸ்வரியின் கணவர். சேக் தாவூதோடு கூட்டாகக் கம்பத்தில் திராட்சை மண்டி நடத்தியவர். இப்போது வடக்கே ஒரு ஆசிரமம், கையில் பேனா. துறவியான பிறகு இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை.

அவருடைய புத்தகத்தில் ஒரு அத்தியாயம் படித்தவர்களையெல்லாம் அழ வைத்திருந்தது. துறவுக்கு மனைவியிடம் அனுமதி கேட்கிறார். அவள் துணிப்பையில் இரண்டு வேட்டியை மடித்து வைத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கிறாள்.

நடந்தது அதுவல்ல.

"கோட்டயத்துக்கு லோடு போகுது. கூடப் போயிட்டு வந்துர்றேன்" என்று லாரியில் ஏறினார். மறுநாள் டிரைவர் மட்டும்தான் திரும்பி வந்தார். பாண்டீஸ்வரி போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு குமுளியிலிருந்து கோட்டயம் வரைக்கும் மூன்று மாதம் அலைந்தாள். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை ஒன்றையும் விடவில்லை. நாலாவது மாதம், "தேட வேண்டாம், துறவு பூண்டுவிட்டேன்" என்று ஒரு கார்டு வந்தது.

கூடவே அலைந்தவர் சேக் தாவூது. அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

விழா நடத்தியவர் மைக்கைப் பிடித்தார். "அந்தத் தியாகத் தாய் இங்கயே வந்திருக்காங்க!"

ஒரே கைதட்டல். யாரோ பாண்டீஸ்வரி கையில் மைக்கைத் திணித்தார்கள்.

"அம்மா, அன்னைக்கு எந்த மனசோட சாமியை அனுப்பி வச்சீங்க?"

மண்டபம் அடங்கியது. சுவாமியின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லு தங்கச்சி" என்றார் பக்கத்திலிருந்த சேக் தாவூது, பல்லைக் கடித்துக்கொண்டு.

பாண்டீஸ்வரி எழுந்தாள்.

"அவுக எழுதியிருக்கிறது நெசந்தான். நாந்தான் பஸ் ஏத்தி விட்டேன். அழுகல."

கைதட்டல் நிற்கவே இல்லை. சேக் தாவூது துண்டை உதறித் தோளில் போட்டார். "உனக்காக வந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று அப்போதே வெளியேறிவிட்டார்.

விழா முடிந்ததும் சுவாமி, சுற்றியிருந்தவர்களை விலக்கிவிட்டு அவளைத் தேடி மண்டபத்தின் பின்பக்கம் வந்தார்.

"ஈஸ்வரி..."

அந்த அழைப்பைக் கேட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்காக ஏன் பொய் சொன்ன? அப்படிச் சொல்லிட்டுக் கிளம்பியிருக்கக் கூடாதாங்கிற ஏக்கத்துல எழுதிட்டேன். அச்சுல வந்த நாள்லருந்து தியானத்துல உக்கார முடியல. கண்ண மூடுனா, கேள்விப்பட்ட மாதிரியே நீ என் போட்டோவோட நிக்கிற. இப்பவே போய் உண்மையைச் சொல்லிடுறேன். அப்பவாவது மனசு ஆறுதான்னு பாக்குறேன்."

"வேணாம் சாமி."

"என்னை மன்னிச்சிட்டியா?"

"இல்ல. உங்களுக்காகவும் சொல்லல." அவள் குரல் நிதானமாக இருந்தது. "நீங்க போகையில நம்ம மக திரிஷாவுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல ஓடிப்போனவன் மகள்னுதான் கூப்பிட்டாக. 'நான் என்னம்மா தப்பு செஞ்சேன், அப்பா ஏன் சொல்லாமப் போனாரு'ன்னு வருசக்கணக்கா அழுதா. போன வருசம் உங்க புத்தகத்தப் படிச்சா. அன்னைக்கே அவ அழுகை நின்னுபோச்சு."

சுவாமி காவித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எம்மேலதான் கோவம். 'நீதான அனுப்பி வச்ச, அப்பறம் எதுக்கு ஊரு ஊராத் தேடுன'ன்னு கேட்டா. அனுப்பின பெறகு மனசு கேக்கலைன்னு சொல்லியிருக்கேன். எங்கிட்டப் பேசி ஒரு வருசமாச்சு. பரவாயில்ல, பெத்தவன் விட்டுட்டு ஓடிட்டான்னு நெனைக்கிறதுக்கு இது தேவல."

முன்வாசலைக் கைகாட்டினாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல இருந்து நேரா வந்திருக்கா. அந்தா, கையெழுத்து வாங்குற வரிசையில கடைசியா நிக்கிறா பாருங்க. அந்த அத்தியாயத்துலதான் போடச் சொல்லுவா. கை நடுங்காமப் போட்டுக் குடுங்க."