மூன்றாவது செய்தி

"சேர், பெரியகல்லாறு நல்லரத்தினம் ஐயா விடியக்காலம மோசம் போயிட்டார்" என்றாள் நிருபர் மேனுகா.

ஆசிரியர் திவாகரன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர் செத்திட்டாரெண்டு போன மாசமே இணையத்தில போட்டாச்சே பிள்ளை."

"அது பொய் சேர். அப்ப அவர் காய்ச்சலோட மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில கிடந்தவர்."

"பொய்யெண்டாலும் அரை லட்சம் பேர் பாத்தவங்க. அடுத்த நாள் 'இறந்தவர் பேசுகிறார்' எண்டு போட்டம், அது அதுக்கும் மேல. திரும்பவும் செத்தா ஆர் அந்த லிங்க அமத்திப் பாக்கப் போறாங்க?"

"சொந்தக்காரருக்கு அறிவிச்சா, இதுவும் நம்மட பேப்பர்ர புழுகெண்டு சிரிக்காங்களாம் சேர். போன முறை மாலையோட வந்து ஏமாந்த சனம். செத்த வீட்டில ஒருத்தரும் இல்லையாம்."

திவாகரன் முதன்முறையாக நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அப்பிடிச் சொல்லு! 'பிணத்தைப் பார்க்க ஆளில்லை, காரணம் தெரியுமா?' இது ஓடும். அவர்ர படம் ஒண்டு வேணுமே."

மேனுகா அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்தாள். அங்கே மாலையில்லாமல் தொங்கிய பெரிய படத்தின் கீழே, 'நல்லரத்தினம், எமது பத்திரிகையின் நிறுவுநர்' என்று எழுதியிருந்தது.

திவாகரன் கதிரையில் ஏறி, கீழேயுள்ள எழுத்து விழாதபடி கைபேசியில் அதைப் படம் பிடித்தார்.