வடிகட்டியில் குஞ்சுகள்

டீ வடிகட்டியை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

மீன்குஞ்சுகள் சிதறின. ஒரு மூலைக்கு ஒதுக்கி, கண்ணாடியை ஒட்டியபடியே தூக்கினாள். ஏழோ எட்டோ இருக்கும். கறுப்புப் புள்ளியாகக் கண். அதற்குப் பின்னால் உடம்பு என்று சொல்ல ஒரு நூல்.

தொட்டிக்கு எதிரே கட்டில். கட்டிலில் அவள் கணவர்.

கண் திறந்துதான் இருந்தது. ஒன்பது மாதமாக அப்படித்தான். காலையில் திறக்கும், இரவில் மூடும். பக்கவாதம் வந்த வாரமே டாக்டர் சொல்லிவிட்டார். இனிப் பேச்சு வராது. நாம் பேசுவதும் புரியாது.

கண்ணுக்கு எதிரே ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் நல்லது என்று உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். அதற்காகத்தான் தொட்டி. மகன் செழியன் ஆறு கப்பி மீன் வாங்கி விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான்.

ஆறு, ஒரு மாதத்தில் முப்பதானது. அப்புறம் அவளால் எண்ண முடியவில்லை.

தண்ணீர் கலங்கியது. பெரிய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "வாராவாரம் கொஞ்சம் எடுத்துருங்கக்கா. இல்லாட்டி எல்லாமே செத்துப்போகும்" என்றார் மீன் கடைக்காரர். இரண்டு தடவை அவரே வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்திலும் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு கொல்லைப்புறச் சாக்கடைதான்.

முதல் நாள் வடிகட்டியோடு கொல்லையில் வெகுநேரம் நின்றாள். இப்போதெல்லாம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, பொங்குவதற்குள் முடித்துவிடுகிறாள்.

வடிகட்டியோடு திரும்பினாள்.

"ஆள் கொறையுது."

ஆண் குரல்.

டிவி அணைந்திருந்தது. வாசல் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை.

கட்டிலைப் பார்த்தாள்.

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் வலப்பக்கமாக இறங்கி, எச்சில் வழிந்தது. உதடு மறுபடி அசைந்தது.

"கொறையுது."

வடிகட்டி கையைவிட்டு நழுவியது.

இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வழியில் டீ குடிக்க வண்டி நின்றால், கிளம்புவதற்கு முன் தலைகளை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் விசில் கொடுக்க மாட்டார். ஆள் கொறையுது, இருங்க என்பார். கல்யாணமான புதிதில் அவர் வண்டியிலேயே தேனிக்குப் போய்வந்த நாட்களில் எத்தனை தடவை கேட்டிருப்பாள்.

எண்ணியிருக்கிறார்.

இத்தனை வாரமும் அவள் அள்ளிக்கொண்டு போனதை அந்தக் கண் பார்த்திருக்கிறது.

முதலில் வந்தது சந்தோஷம்தான். மகனைக் கூப்பிட வேண்டும், தெருவையே கூப்பிட வேண்டும் என்று இரண்டடி வைத்தாள்.

மூன்றாவது அடி வரவில்லை.

கண் பார்த்திருக்கிறது என்றால், காது?

இங்கே உட்கார்ந்துதான் துணி மடிப்பாள். ஃபோனை இந்தக் கட்டிலின் மேலேயே ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, தங்கை சுந்தரவடிவிடம் பேசுவாள்.

'இன்னும் எத்தனை நாளைக்குடி நான் பீ மூத்திரம் அள்ளுறது? போய்ச் சேந்தாருன்னா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.'

ஒருநாள் இல்லை. பல நாள்.

ஒருமுறை, விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக விரிப்பை மாற்றும்போது, அவர் தொடையில் ஓங்கி அறைந்திருக்கிறாள். உணர்ச்சியில்லாத வலது கால்தானே என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அறைந்தது வலது காலிலா, இடதிலா?

நினைவுக்கு வரவில்லை.

தரையில் குஞ்சுகள் துடித்தன. மண்டியிட்டாள். நனைந்த விரலில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துத் தொட்டிக்குள் விட்டாள். கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடந்தது. அசையவில்லை. அதையும் விட்டாள். அது பக்கவாட்டில் சாய்ந்தபடி மிதந்தது.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவர் முகம் இருக்கும்.

சமையலறையிலிருந்து பால் தீயும் வாடை வந்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள். போய்வர அவ்வளவு நேரம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

தலையணைக்குப் பக்கத்தில் ஃபோன் அடித்தது. செழியன். கை தன்னால் ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

"அம்மா, அந்த முதியோர் ஹோம்ல பேசிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. புதன்கிழமை காலையில வண்டி வந்துரும். அப்பா துணிமணியெல்லாம் எடுத்து வச்சிரு."

அணைக்கப் பார்த்தாள். ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். விரல் வேறெங்கோ பட்டது.

"நீ அழாதம்மா. அவருக்கு எங்க இருக்கோம்னே தெரியப்போறதில்ல."

கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"அம்மா? என்ன, சத்தத்தையே காணோம்? நான் பேசுறது கேக்குதா?"

அவள் இன்னும் திரையில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"கேக்குது."