கதவிடுக்கில் ஒரு கிரேயான்

குழந்தைகள் காப்பகத்துக்கு உரிமம் தருவதற்கு முன் வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி முட்டிபோட்டுத் தவழ்கிறார். நின்று பார்த்தால் தெரியாத ஆபத்தெல்லாம் குழந்தையின் உயரத்தில் தெரியும் என்பது அவர் கட்சி. வெயில் விழுந்த தரையில் கையூன்றி மேசை முனைகளைத் தடவுகிறார். பிளக் மூடிகளை நகத்தால் நெம்பிப் பார்க்கிறார். காப்பகம் நடத்துகிறவள், தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு பின்னாலேயே நடக்கிறாள். “வீட்ல பெரியவங்க எத்தனை பேரும்மா?” “நானும் எங்க வீட்டுக்காரரும்தான் மேடம். ரெண்டு பேருக்கும் போலீஸ் விசாரணை முடிஞ்சாச்சு.” “அந்த ரூம்?” “அதுவா... பழைய சாமான். சாவிய எங்கியோ வெச்சுட்டேன்.” சொல்லிவிட்டு, குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். உள்ளே அவள் தம்பி இருக்கிறான். ஜெயிலிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, போக வேறு இடமில்லை. அவன் இருப்பது தெரிந்தால் உரிமம் கிடைக்காது. காலையிலிருந்து இருமலைக்கூட விழுங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு வாண்டு அந்தக் கதவருகே போய்ச் சப்பணமிட்டு உட்காருகிறது. சிவப்புக் கிரேயானைக் கதவிடுக்கில் உருட்டிவிட்டு, தினமும் ஆடும் ஆட்டம்போலக் காத்திருக்கிறது. “அடடா, போச்சே!” என்று அதிகாரி சிரிக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. கிரேயான் வரவில்லை. குழந்தையின் உதடு பிதுங்குகிறது, கண் நிறைகிறது, அழுகைக்கு மூச்சை இழுக்கிறது. அப்போது கதவுக்கு அடியிலிருந்து கிரேயான் மெல்ல உருண்டு வந்து, அதிகாரியின் முட்டியில் இடித்து நிற்கிறது. குழந்தை மட்டும் சிரித்துக்கொண்டே பச்சையை எடுக்கிறது.